ஆறாவது மெத்தை

மாமா வீட்டுக் கூடத்தின் அகலம் பதின்மூன்று அடி. நாடாவைப் பிடித்து இரண்டு முறை அளந்திருக்கிறேன். ஒரு மெத்தையின் அகலம் இரண்டரை அடி. ஐந்து மெத்தைகளை அடுத்தடுத்துப் போட்டால் பன்னிரண்டரை ஆகும். மிஞ்சும் அரை அடியில் தண்ணீர் பாட்டில், போன், மூக்குக்கண்ணாடி எல்லாம் வைத்துக்கொள்ளலாம். இதில் தவறு எதுவும் இல்லை. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அளவிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடுகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை, விடுமுறையில் நான்கு நாள்கள், நாங்கள் எல்லோரும் மாமா வீட்டில் கூடுவோம். நாங்கள் என்றால் பிள்ளைகள் மட்டும். என் அம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டு அக்காக்கள், ஒரு தம்பி. தம்பிதான் மாமா. பெரியவர்கள் வந்தால் அவர்களுடைய பழைய சண்டைகளும் பெட்டி கட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுகின்றன என்று சொல்லி, பிள்ளைகள் மட்டும் வரட்டும் என்று ஏற்பாடு செய்தவர் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை. பையன்கள் மாடி அறையில் படுப்பார்கள், பெண்கள் கூடத்தில். குளியலறை ஒன்றே ஒன்று. ஒரு வருடம் காலையில் ஐந்து பேர் துண்டும் கையுமாக அதன் வாசலில் நின்று சண்டை போட்டதில், யார் எப்போது குளிப்பது, யார் எங்கே படுப்பது என்று எழுதி ஒட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. பகலில் நான் ஒரு மருத்துவமனையின் துணி அறையில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்புகளை எண்ணி வாங்குவதும் எண்ணிக் கொடுப்பதும் என் வேலை. மாலையில் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறேன். எனவே நான் வெறும் பட்டியலாக எழுதாமல், அளவு பிசகாமல் கூடத்தையே வரைந்து, அதில் ஒவ்வொரு மெத்தையையும் கட்டமாகப் போட்டு, உள்ளே யாருடையது என்று எழுதுவேன். பெரிய பெரியம்மாவின் மகன், வாடகைக் கார் ஓட்டும் அண்ணன், இதைப் பார்த்துத்தான் எனக்கு ஸ்கேலு என்று பெயர் வைத்தான்.

இந்த வருடம் நான் வரைந்தது ஐந்து கட்டங்கள். டிரைவர் அண்ணனின் மனைவி, அவனுடைய தங்கைகள் இருவர், மாமாவின் மகள், நான்.

சின்னப் பெரியம்மாவின் மகளை நான் வரையவில்லை.

அவளை நாங்கள் லேப் அக்கா என்போம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் முழங்கையைத் திருப்பி நரம்பைப் பார்ப்பாள். என்னைவிட எட்டு வயது பெரியவள். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, இதே கூடத்தில் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் என் விரிப்பில் கறை. என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். லேப் அக்கா பார்த்தாள். கையிலிருந்த காபியை விரிப்பில் ஊற்றினாள். "ஐயோ, நான் ஒரு கையாலாகாதவ, கொட்டிட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னையும் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அன்று முழுக்க எல்லோரும் அவளைத்தான் கேலி செய்தார்கள்.

இரண்டு வருடமாக அவள் வரவில்லை. கணவனை விட்டுப் பிரிந்துவிட்டாள். அந்தக் கணவன் அத்தையின் சித்தப்பா மகன். அத்தை வழியாக வந்த சம்பந்தம். பிரிந்த பிறகு அவளைப் பெற்ற அம்மாவே, ஊர் வாயை அடைக்க முடியவில்லை, கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாள். சொந்தம் என்று படியேற அவளுக்கு மிச்சமிருந்த வீடு மாமா வீடு ஒன்றுதான்.

விடுமுறைக்குப் பதினாறு நாள் முன்பு அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "இந்த வருஷம் வரலாம்னு இருக்கேன் ஸ்கேலு. லீவு கேட்டிருக்கேன். எனக்கு இடம் இருக்கும்ல?" நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

பிறகுதான் வரைய உட்கார்ந்தேன். அவளை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஆறாவது மெத்தையைப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். குறுக்கே, மற்றவர்களின் கால்மாட்டில் போட்டால், குளியலறைக் கதவு திறக்கும்போது அவள் தலையில் இடித்தது. மறுபக்கம் சோபா. மூன்று விதமாகப் போட்டேன். மூன்றும் அசிங்கமாக இருந்தன. அவளுக்கு எங்கே லீவு கிடைக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டு அழித்தேன். ஐந்து கட்டங்களும் ஒரே சீராக நின்றன. அதை வகுப்பிலும் கொடுத்தேன். சொல்லிக்கொடுப்பவர் ஓரத்தில் 'சுத்தமான வேலை' என்று எழுதித் தந்தார். அந்த மகிழ்ச்சியில் ஒரு நகல் எடுத்து, மாமா வீட்டுக்குப் போனதும் கூடத்துச் சுவரில், சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். குளியல் நேரப் பட்டியலைக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். அதிலும் அவள் இல்லை.

முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு லேப் அக்கா வந்தாள். கதவைத் திறந்தது மாமாவின் மகள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"எல்லாரும் வாங்க, யார் வந்திருக்கா பாருங்க" என்று வீடு முழுக்க ஒலிபரப்பினாள்.

டிரைவர் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "வாம்மா ரத்தக்காட்டேரி. ரெண்டு வருஷமா யார் ரத்தத்தைக் குடிச்சிட்டிருந்த?"

"உன்னுது கிடைக்கலையேன்னு பட்டினிதாண்ணே. கையக் காட்டு." அவன் நீட்டினான். அவள் தடவிப் பார்த்தாள். "நரம்பே காணோம். பூரா கொழுப்பு."

"வண்டி ஓட்டறவனுக்கு நரம்பு எதுக்கு? ஹாரன் போதும்."

"வாய் பூரா அதுதானே இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவள் என் முழங்கையைத் திருப்பினாள். "இவளுக்குத்தான்டா நரம்பு. கண்ண மூடிட்டுக் குத்தலாம்." இளைத்திருந்தாள். சிரிக்கும்போது முன்பெல்லாம் பக்கத்தில் இருப்பவர் முதுகில் அடிப்பாள். இப்போது கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். யார் உண்மையாகச் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

பிறகு முகம் கழுவத் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். குளியலறைக் கதவில் என் பட்டியல். மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் மேலே போனாள்.

டிரைவர் அண்ணனின் பெரிய தங்கை, பள்ளிக்கூட டீச்சர், நல்ல மனதோடுதான் சொன்னாள்: "நீ எப்ப வேணா குளிச்சுக்கோக்கா. அந்தப் பேப்பர் எங்களுக்குத்தான்."

"ஓ, சரி" என்றாள் லேப் அக்கா.

திரும்பி வரும் வழியில் சுவிட்சுப் பலகை. அங்கே கூடத்தின் படம். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படித்தாள். முகம் காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் நான் டம்ளர்களைக் கழுவ, அவள் வாங்கித் துடைத்தாள். நான்காவது டம்ளரோ ஐந்தாவதோ. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அத்தை வேணாம்னாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழாயை மூடினேன். பிறகு மறுபடி திறந்தேன்.

"சும்மா சொல்லுடி. அவங்க ஆளுங்க பக்கம் பேச்சு வரும்ல. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"அதெல்லாம் விடுக்கா" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் எங்கே என்று தேடினால் ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் நம் வீடுகளில் 'அதெல்லாம் விடு' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டினாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

மாலையில் மெத்தை விரிக்கும்போது, ஆறு பேருக்கு எப்படி என்று நான் நாடாவோடு நின்றேன். டிரைவர் அண்ணன் படத்தையும் என்னையும் பார்த்தான். "ஏய் ஸ்கேலு, இந்தச் சோபாவுக்கு வேர் விட்டிருக்கா?" அவனும் இரண்டு பையன்களும் அதைத் தூக்கி முன்வாசல் வராந்தாவில் வைத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறாவது மெத்தை தாராளமாக விழுந்தது. படத்தில் அந்தச் சோபாவைச் சுவரைப் போல அழுத்தமான கோட்டில் வரைந்திருந்தேன்.

இரண்டாம் நாள் லேப் அக்கா எங்களோடு நன்றாகத்தான் இருந்தாள். சீட்டு விளையாடினோம். டிரைவர் அண்ணன் சீட்டை முழங்காலுக்கடியில் ஒளித்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். அவனைச் சமையலறைத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடச் சொன்னோம், ஆடினான். ரேடியோ சிரித்துச் சிரித்து விக்கல் வந்து உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றே இருந்தது. அத்தை உள்ளே வந்தால் மட்டும் லேப் அக்கா சீட்டுகளைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவாள்.

"உனக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று மதியச் சாப்பாட்டில் அத்தை கேட்டார்.

"போதும்ங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

அத்தையிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. 'அத்தை, குழம்பு இங்க தள்ளு' என்று கேட்பவள். அத்தையின் கையில் கரண்டி சற்று நேரம் அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் காலையில் காய்ந்த விரிப்புகளை மடிக்க அத்தை என்னைக் கூப்பிட்டார். எங்கள் இருவருக்கும் அந்த வேலை பிடிக்கும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்ப்போம்.

"அவ என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறா" என்றார் அத்தை.

நான் என் முனைகளைச் சரிபார்த்தேன்.

"கோவம் இருக்கும். நான் கொண்டுவந்த சம்பந்தம்தானே. அதுக்காக நான் எங்க சித்தப்பா வீட்டுக்கே போய் நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு வந்தேன். ஒரு வருஷமா அவங்க வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் என்னைக் கூப்பிடறதில்ல. அதை இவகிட்ட நான் எப்படிச் சொல்ல? சொன்னா, உனக்காகச் செஞ்சேன் பாருன்னு காட்டற மாதிரி இருக்கும்." விரிப்பை மடித்து என் கையில் வைத்தார். "ஆமா, நீ போட்ட பேப்பர்ல ஏன் அவ இல்ல? நானும் அப்பவே கேக்கணும்னு இருந்தேன்."

"வர்றது தெரியாது அத்தை."

இது முழுப் பொய். இந்த முறை சொல்லைக் காட்ட முடியும்.

அத்தை நம்பினார். "அதானே. உனக்குத் தெரிஞ்சா விட்டிருப்பியா" என்றார். இன்னொரு விரிப்பின் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார்.

மதியம் லேப் அக்கா பையை அடுக்கினாள். லீவு விஷயமாகக் கூப்பிட்டுவிட்டார்கள், மாலை பஸ்ஸுக்குப் போகிறேன் என்றாள். அவள் போனில் யாரிடமும் பேசி நான் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்துட்டு ரெண்டே நாள்ல ஓடறியா" என்றான் டிரைவர் அண்ணன். "உன் லேப்ல உன்ன விட்டா ஊசி புடிக்க ஆளில்லையா?"

"இல்லண்ணே. எல்லாருக்கும் கை நடுங்குது."

"அடுத்த வருஷமாவது முழுசா வா."

"பார்க்கலாம்" என்றாள். இந்தப் படியை அவள் மறுபடி மிதிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அங்கிருந்த எல்லோரிலும் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அவள் பின்கட்டில் கொடியிலிருந்து துண்டை எடுக்கப் போனாள். நானும் போனேன். எப்படிச் சொல்வது என்று மனதில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் மூன்றும் கலந்துவிட்டன.

"அக்கா, அத்தை ஒண்ணும் சொல்லல. அந்தப் பேப்பர்... நான்தான். அத்தைக்கு நீ வர்றதே தெரியாது. நான் யாருக்கும் சொல்லல."

அவள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"என் மெசேஜ் பார்த்தப்புறம் போட்டதா, முன்னாடியா?"

"அப்புறம்."

"கட்டைவிரல் அனுப்பினியே."

"அதுக்கும் அப்புறம்."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எனக்கு அந்த வழியைத் திறந்து காட்டினாள்.

"இல்லக்கா. உன்னையும் போட்டுப் பார்த்தேன். சரியா வரல. பார்க்க நல்லா இல்ல. அழிச்சிட்டேன்."

அவள் சிரித்தாள். வேறு பெயர் தெரியாமல்தான் சிரிப்பு என்று எழுதுகிறேன். "கோவத்துல விட்டிருந்தாக்கூடத் தேவலடி. எம்மேல கோவம்னா, நான்னு ஒருத்தி இருக்கேன்னாவது அர்த்தம்."

"அக்கா..."

"நான் டம்ளர் துடைச்சிட்டு உன்னைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா? மூணு நாளா அந்த மனுஷி வச்ச சோறு எனக்குத் தொண்டையில இறங்கல." திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. துண்டை உதறி நான்காக மடித்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

நான் பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். அத்தை அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை" என்றாள் லேப் அக்கா. "ரெண்டு மூணு நாளா உன்னத் தப்பா நினைச்சிட்டேன். நீதான் என்னை வேணாம்னு சொன்னேன்னு."

அத்தை திரும்பினார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நானா? யார் அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா நினைச்சிக்கிட்டேன். என் புத்தி அப்படி."

என்னை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அத்தை அவள் தோளைப் பிடித்து, ஈரக்கையோடு கன்னத்தைத் தடவி, என்னென்னவோ சொல்லி அழத் தொடங்கினார். சித்தப்பா வீட்டுக்குப் போன கதை எல்லாம் வெளியே வந்தது. லேப் அக்கா அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அதை நான் யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். எத்தனை நேரம் என்று சொல்ல முடியவில்லை. அத்தையின் அழுகை ஓயும் வரை.

"அவளா நினைக்கல அத்தை" என்றேன். "நான்தான் நினைக்க விட்டேன். அவ வர்றது எனக்குத் தெரியும். பதினாறு நாள் முன்னாடியே தெரியும்."

அத்தை என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "காலையில துணி மடிக்கும்போது கேட்டேனே."

"ஆமா அத்தை."

"சரி, போ. எல்லாரையும் டீ குடிக்கக் கூப்பிடு" என்றார். கோபமே இல்லாத குரல். வீட்டுக்கு வந்த யாரிடமும் பேசுகிற குரல்.

லேப் அக்கா அன்று போகவில்லை. பையிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். டிரைவர் அண்ணன், "என்ன, லேப்ல கை நடுக்கம் நின்னுடுச்சா?" என்று கேட்டான். "உன் மூஞ்சியப் பாத்தா நடுக்கமெல்லாம் ஓடிடும்ணே" என்றாள். அன்று மாலை அத்தைக்கும் அவளுக்கும் பேச்சு முடியவே இல்லை. இடையிடையே அத்தை சிரிப்பது கேட்டது. நான் கூடத்தில் இருந்தேன். ரேடியோ என் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லூரிக் கதை ஒன்றைச் சொன்னாள். கேட்பதுபோல் தலையாட்டினேன். நான் ஒட்டியிருந்த இரண்டு தாள்களையும் கிழிக்கலாம் என்று எழுந்தேன். கிழித்தால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள், நான் வருந்துவதை எல்லோருக்கும் காட்டுவதுபோல் ஆகும் என்று உட்கார்ந்துவிட்டேன். இதில் எது சரி என்று இப்போதும் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை விரிப்புகளை மடிக்க அத்தை ரேடியோவைக் கூப்பிட்டார். அவளுக்கு முனை சேர்க்கத் தெரியாது. பாதியில் விட்டுவிட்டுப் பேசப் போய்விட்டாள். மீதியை அத்தை தனியாக, முகவாயால் அழுத்திப் பிடித்து மடித்தார். நான் போய் நின்றால் முனையை நீட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். போய் நிற்கவில்லை.

எல்லோரும் பஸ் நிலையம்வரை நடந்தே போனோம். லேப் அக்காவின் பஸ்தான் முதலில் வந்தது. அவள் பையை நான் தூக்கிக்கொள்ளவா என்று கேட்டேன். "பரவால்ல, கனமில்ல" என்றாள். கனமாகத்தான் இருந்தது, தோளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். என்னை 'அடி' என்றோ 'ஸ்கேலு' என்றோ அவள் கூப்பிடவில்லை. முந்தின நாள் மாலையிலிருந்தே கூப்பிடவில்லை.

"அடுத்த வருஷம் வருவியாக்கா?" என்று கேட்டேன்.

"அத்தை கூப்பிட்டிருக்காங்க. வருவேன்."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் அண்ணன் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டி, "டிரைவர் சார், பத்திரம், உள்ள ரத்தக்காட்டேரி இருக்கு" என்று கத்தினான். பஸ்ஸுக்குள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பஸ் நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம்; எல்லோருக்கும் பொதுவாக அசைந்த கை அது. அதில் என் பங்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் திரும்பும் நேரத்தில், மற்றவர்கள் கையை இறக்கிய பிறகு, நானும் கையை உயர்த்தினேன்.